ஆட்கொணர்வு

இருங்காட்டுக்கோட்டை சிப்காட் வாசலில் ‘ஆள்’ என்றால் ஷிப்டுக்கு வேண்டிய கை. உயர் நீதிமன்றத்தில் அதே சொல்லுக்குக் கனம் வேறு. காவலில் இருப்பவரை முன்னே கொண்டுவரக் கோரி அங்கே போடுவது ஆட்கொணர்வு மனு. ஆள் + கொணர்வு: ககரத்தின் முன் ளகரம் டகரமானது, ஆட்கொல்லி, ஆட்கொள்ளுதல் போல. ‘கொணர்’, ‘கொண்டு வா’ என்பதன் சுருக்கம். லத்தீன் மூலமான ஹேபியஸ் கார்ப்பஸ் ‘உடலை’த்தான் கேட்கிறது. நல்லவேளை, ‘உடல் கொணர்வு’ என்று பெயர்க்கவில்லை. பிணவறை நினைவுக்கு வந்திருக்கும்.

விமான நிலையத்தில் தங்கத்தோடு பிடிபட்டால் கைது, நடந்த குற்றத்துக்கு. கடத்தலைத் தடுப்பதற்கான 1974ஆம் ஆண்டின் காஃபிபோசா சட்டமோ, இனியும் கடத்துவார் என்ற ஐயத்திலேயே, விசாரணையின்றி, பொதுவாக ஓராண்டு வரை ஒருவரை அடைத்துவைக்கிறது. அப்போது மனைவியோ தாயோ போடுவது இந்த மனு. அவர் கடத்தினாரா என்பதல்ல அங்கே கேள்வி. காரணங்கள் அவருக்குப் புரியும் மொழியில் தரப்பட்டனவா, அவருடைய முறையீடு கிடப்பில் கிடந்ததா என்பதே. 2025 மார்ச்சில் தங்கக் கடத்தல் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் காவல் ஆணையை ரத்து செய்தது: ஜாமீன் நிபந்தனைகளே போதாதா என்று அதிகாரி யோசிக்கவே இல்லையாம்.

வேடிக்கை என்னவென்றால், ஆளைக் கொணராமலேயே இம்மனுவை விசாரிக்கலாம் என்று 1973இல் நக்சல் தலைவர் கனு சன்யால் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.