இராமானுஜன் அட்டவணையில் விடுபட்ட எண்

இராமானுஜனின் மிகு பகுஎண் ஆய்வை எழுதுவோர் அதன் தேற்றங்களைப் புகழ்வார்கள். அட்டவணையைக் கூர்ந்து பார்ப்போர் குறைவு. லண்டன் கணிதச் சங்க இதழில் 1915-இல் வெளியான அக்கட்டுரை 67,46,32,83,88,800 வரை 102 எண்களை வரிசைப்படுத்துகிறது. அந்த எல்லைக்குள் இருக்க வேண்டிய ஒன்று மட்டும் அதில் இல்லை. அது 2,93,31,86,25,600.

தன்னைவிடச் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் அதிக வகுத்திகள் கொண்டதே மிகு பகுஎண். 12-க்கு 6 வகுத்திகள். 11 வரை எதற்கும் நான்குக்கு மேல் இல்லை. இவ்வகை எண்ணைக் காரணிப்படுத்தினால் 2-இலிருந்து பகா எண்கள் இடைவெளியின்றி வரும். அடுக்குகள் போகப்போகக் குறையலாம், அதிகரிக்காது. கடைசி அடுக்கு எப்போதும் 1 என்றும், 4, 36 இரண்டு மட்டுமே விலக்கு என்றும் இராமானுஜன் நிறுவினார்.

விடுபட்ட எண்ணின் காரணிகள் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2, அதாவது 5040 வகுத்திகள். இதற்கு முந்தைய மிகு பகுஎண்ணான 2,40,94,02,99,600-க்கு 4800. அடுத்ததான 3,21,25,37,32,800-க்கு 5376. பட்டியலில் இதற்கு உரிய இடம் ஐயமற்றது.

ஏன் விடுபட்டது? இந்தப் பகுதியில் காரணி வரிசை 19-இல் முடியும் எண்களும் 23-இல் முடியும் எண்களும் மாறிமாறி வருகின்றன. 1,46,65,93,12,800 (நம் எண்ணில் சரிபாதி) 19-இல் முடிகிறது. அதன்பின் தொடர்ந்து இரண்டு எண்கள் 23-இல் முடிகின்றன. 19-இன் முறை முடிந்தது என்று கை கடந்து போயிருக்கலாம். இது என் ஊகமே. ஆனால் 7 இருமுறை வந்து 23 இல்லாத எண் ஒன்று அங்கே மீண்டும் தலைகாட்டும் என எதிர்பார்ப்பது எளிதல்ல. தேற்றங்கள் எதையும் இந்த விடுபாடு பாதிக்கவில்லை.

கைக்கணக்குக் காலத்தில் இது சிறு வழு; இதைவிடப் பெரியவையும் நேர்ந்ததுண்டு. 100 கோடிக்குள் உள்ள பகா எண்கள் 5,08,47,478 என்று 1885-இல் ஜெர்மானியர் மெய்சல் கணித்தார். சரியான விடை 5,08,47,534. அந்த 56 குறைவை 1950-களின் இறுதியில் லெமர் திருத்தினார். அதற்குள் அப்பிழை டென்மார்க்கைச் சேர்ந்த பெர்டெல்சனின் பெயரில் நூல்களில் ஏறிவிட்டது, பாவம்.

1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கெழுதிய இராமானுஜனுக்கு 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் வழங்கியது இந்த மிகு பகுஎண் ஆய்வுக்காகத்தான். ஆனால் எழுதியது முழுவதும் அப்போது அச்சாகவில்லை. சங்கம் பணமுடையில் இருந்ததால் பிற்பகுதி நிறுத்தப்பட்டது. வகுத்திகளின் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகலாம் என்பதை, பகா எண்களின் பரவல் பற்றிய, இன்னும் நிறுவப்படாத ரீமன் கருதுகோள் உண்மை எனக் கொண்டு, அப்பகுதி ஆராய்கிறது. இதே கேள்வியில் கி ராபின் 1984-இல் ஓர் எல்லையைக் குறித்தார்: 5040-க்கு மேற்பட்ட எல்லா எண்களுக்கும் அது பொருந்தினால் ரீமன் கருதுகோள் உண்மை, பொருந்தாவிட்டால் பொய். அந்த 5040-உம் ஒரு மிகு பகுஎண். நம் எண்ணின் வகுத்திக் கணக்கோடு அது ஒத்துப்போவது தற்செயல். நிறுத்திவைத்த பிற்பகுதியை ராபினும் ழான்-லூயி நிக்கோலாவும் குறிப்புரையுடன் 1997-இல் 'இராமானுஜன் ஜர்னல்' இதழில் வெளியிட்டனர்.