தோட்டா முனையில் ஏன் வர்ணம்?

நம்ம ஊர் சினிமாவில் துப்பாக்கித் தோட்டா என்றால் ஒரே நிறம்தான். பளபளவென்று பித்தளை மஞ்சள். வில்லன் அதை மேஜை மேல் நிற்க வைத்துவிட்டு வசனம் பேசுவான். நிஜமான ராணுவப் பெட்டிகளைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு குட்டி வானவில்லே இருக்கும். சில தோட்டாக்களுக்கு முனை சிவப்பு, சிலவற்றுக்குக் கறுப்பு, இன்னும் சில நீலம், பச்சை, ஆரஞ்சு, வெள்ளி...

யாருக்காக இந்த அலங்காரம்? எதிரிக்காக இல்லை. நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் வருகிற ஒன்றை, "ஓ, பச்சையா?" என்று யாரும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இந்த வர்ணம் சுடுகிறவன் படிப்பதற்காக. அதற்குப் பின்னால் இருக்கும் கதையில் கொஞ்சம் வேதியியல், கொஞ்சம் சட்டம், நிறைய சங்கடம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். தோட்டா வேறு, குண்டு வேறு. பித்தளைக் குப்பி, அதற்குள் மருந்து, அடியில் பொறி கொடுக்கும் மூடி, மேலே செருகிய குண்டு, இந்த நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. சுட்டதும் பறந்து போவது குண்டு மட்டும். குப்பி துப்பாக்கி பக்கத்திலேயே விழுந்துவிடும். வர்ணம் பூசுவது அந்தக் குண்டின் மூக்கில்.

சாதாரணக் குண்டு என்றால் உள்ளே ஈயம், வெளியே செம்புக் கலவை உறை. பெரும்பாலும் இதற்கு வர்ணம் கிடையாது. சிக்கல் ஆரம்பித்தது குண்டுக்குள் வேறு எதையாவது வைக்கலாமா என்று மனிதன் யோசித்தபோது.

1863ல் ரஷ்ய ராணுவத்துக்காக ஒரு வெடிக்கும் குண்டு தயாரானது. எதிரியின் வெடிமருந்து வண்டிகளைத் தகர்ப்பதுதான் நோக்கம். கடினமான பொருளில் மோதினால் மட்டுமே வெடிக்கும். 1867ல் அதையே மாற்றி, மெத்தென்ற பொருளில் பட்டாலும் வெடிக்கும்படி செய்தார்கள். மெத்தென்ற பொருள் என்றால் வேறென்ன, மனித உடம்புதான். இங்கே ரஷ்யா ஒரு ஆச்சரியமான காரியம் செய்தது. தானும் பயன்படுத்த மாட்டேன், மற்றவர்களும் பயன்படுத்தக் கூடாது என்று நாடுகளைக் கூட்டியது. 1868 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பிரகடனம் கையெழுத்தானது. 400 கிராமுக்குக் குறைவான எடையுள்ள எந்தக் குண்டும் வெடிக்கக் கூடாது, தீப்பற்றும் பொருளையும் சுமக்கக் கூடாது. ஏன் 400 கிராம்? அதற்கு மேல் என்றால் பீரங்கி, கீழே என்றால் மனிதனைச் சுடுவது. அந்தக் காலத்துக்குப் பொருந்திய கணக்கு.

அடுத்த சண்டை நம் நாட்டிலிருந்தே கிளம்பியது. கல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுதசாலையில் 1890களில், குண்டின் மூக்கில் உறையை எடுத்துவிட்டு ஈயத்தை வெளியே தெரியவிட்டார்கள். உடம்பில் பட்டதும் அது நசுங்கி விரிந்து பெரிய காயத்தை உண்டாக்கும். (இன்று டம்டம் என்றால் கொல்கத்தா விமான நிலையம்தான் நினைவுக்கு வரும். உலக அகராதிகளில் அந்த ஊர்ப் பெயர் நிற்பதோ இந்தக் குண்டால்!) 1899ல் ஹேக் மாநாடு இப்படி விரியும் குண்டுகளையும் தடை செய்தது. காலனிப் போர்களில் "காட்டுமிராண்டிகள்" சாதாரணக் குண்டுக்கு நிற்க மாட்டார்கள் என்று அங்கே வாதாடிய பிரிட்டன் 1907ல்தான் அந்தத் தடைக்குச் சம்மதித்தது.

ஆக, இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது சட்டம் தெளிவாக இருந்தது. வெடிக்கக் கூடாது, எரியக் கூடாது, விரியக் கூடாது. அப்புறம் வானத்தில் ஒரு ராட்சதப் பை வந்தது.

முதல் உலகப் போரில் ஜெர்மனியின் ஆகாயக் கப்பல்கள் இரவில் வந்து இங்கிலாந்து மீது குண்டு போட்டன. உள்ளே முழுக்க ஹைட்ரஜன். ஒரு தீக்குச்சி போதுமே என்று தோன்றும். ஆனால் விமானத்திலிருந்து சாதாரணக் குண்டால் எவ்வளவு சுட்டாலும் ஒன்றும் ஆகவில்லை. காரணம் எளிது. ஆக்சிஜன் கலக்காமல் ஹைட்ரஜன் எரியாது. பைக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றை விடப் பெரிதாக அதிகம் இல்லை. பென்சில் அளவு ஓட்டை விழுந்தால் மெதுவாகக் கசியும், அவ்வளவுதான். ஜெர்மன்காரர்கள் ஊர் போய்ச் சேர்ந்து ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். 1915 ஜூனில் வார்ன்ஃபோர்டு என்ற விமானி ஒரு கப்பலுக்கு மேலே ஏறிப் பறந்து, குண்டுகளைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டு அழித்தார். எல்லா இரவும் அது நடக்கிற காரியமா?

அப்போது மூன்று பேர் மூன்று விதமான குண்டுகளோடு வந்தார்கள். நியூசிலாந்தில் பிறந்த பொமராய் நைட்ரோகிளிசரின் வைத்து ஒரு வெடிக்கும் குண்டு செய்தார். பிரிட்டனின் புகழ்பெற்ற பட்டாசுக் கம்பெனிக் குடும்பத்துப் பிள்ளை ஃபிராங்க் பிராக் இன்னொன்று செய்தார். (சிவகாசி முதலாளி ஒருவர் ராணுவத்தில் சேர்ந்த மாதிரி!) கோவன்ட்ரியைச் சேர்ந்த பக்கிங்ஹாம் என்பவர் பாஸ்பரஸ் அடைத்த எரியும் குண்டு செய்தார். வெடிக்கும் குண்டு பையைக் கிழித்துக் காற்றோடு வாயுவைக் கலக்கும், எரியும் குண்டு பற்ற வைக்கும். தனித்தனியாகச் சாதிக்காததைக் கலந்து சுட்டால் சாதிக்கலாம்.

1916 செப்டம்பர் 2 இரவு. 16 ஆகாயக் கப்பல்கள் இங்கிலாந்தை நோக்கிக் கிளம்பின. லண்டன் மேல் ரோந்து சுற்றிக்கொண்டிருந்த விமானி லீஃப் ராபின்சனுக்கு வயது 21. (இவர் பிறந்தது நம் பக்கத்துக் குடகு மலையில், ஒரு காப்பித் தோட்டத்தில்.) நள்ளிரவு தாண்டி எஸ்எல் 11 என்ற கப்பலைப் பிடித்தார். அடியில் பறந்தபடி நீளம் முழுக்க ஒரு டிரம் தோட்டாவைக் காலி செய்தார். ஒன்றும் நடக்கவில்லை. பக்கவாட்டில் இரண்டாவது டிரம். அதற்கும் அசையவில்லை. மூன்றாவதை மாட்டி, பின்பக்கத்தில் ஒரே இடத்தைக் குறிவைத்து மொத்தத்தையும் கொட்டினார். உள்ளே ஒரு சிவப்பு ஒளி. சில நொடிகளில் பின்பகுதி முழுக்கத் தீ.

லண்டன் தெருக்களில் ஜனங்கள் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். எரிந்த கப்பல் கஃப்லி கிராமத்தில் விழுந்தது. உள்ளே இருந்த 16 பேரும் செத்துப் போனார்கள். ராபின்சனுக்கு விக்டோரியா கிராஸ் விருது கிடைத்தது. (போர் முடிந்த அடுத்த மாதமே, 1918 டிசம்பர் 31ல், இன்ஃபுளுவென்சா காய்ச்சலில் அவர் இறந்தார்.)

எல்லாம் சரி, 1868 பிரகடனம் என்ன ஆயிற்று? அதில் கையெழுத்துப் போட்ட நாடுகளில் பிரிட்டனும் உண்டு. நாங்கள் சுடுவது வாயுப் பையை, மனிதனை இல்லை என்பதுதான் வாதம். அந்தப் பைக்குக் கீழே 16 மனிதர்கள் இருந்தார்கள் என்பது அந்த வாதத்தில் வராது. லண்டனில் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டே செத்த ஜனங்கள் எந்தப் பிரகடனத்தை மீறினார்கள் என்று திருப்பிக் கேட்டால் அதற்கும் பதில் சொல்வது கஷ்டம். சங்கடம் பிரிட்டனுக்கே தெரிந்திருந்தது. பிரான்ஸ் போர்முனையில் எதிரியின் கண்காணிப்பு பலூன்களைச் சுடப் போகும் விமானிகள், பக்கிங்ஹாம் குண்டு பலூனுக்காக மட்டும்தான் என்று எழுதிய உத்தரவைப் பையில் வைத்துக்கொண்டு பறந்தார்கள். அந்தக் காகிதம் இல்லாமல் பிடிபட்டால் போர்க் குற்றவாளியாகத் தண்டிக்கப்படலாம் என்ற பயம். 1923ல் ஹேக் நகரில் சட்ட நிபுணர்கள் எழுதிய விமானப் போர் விதிகளில், விமானங்களுக்கு இப்படிப்பட்ட குண்டுகளைத் தடுக்கவில்லை என்று எழுதினார்கள். அந்த விதிகள் ஒப்பந்தமாகவே ஆகவில்லை என்பது வேறு கதை.

இப்படி ஒரே துப்பாக்கிக்குள் போகும் தோட்டாவில் ஐந்தாறு வகை வந்துவிட்டது. வெளியே பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அங்கேதான் வர்ண டப்பா தேவைப்பட்டது. பிரிட்டிஷ்காரர்கள் தோட்டாவின் அடியில், மூடியைச் சுற்றி ஒரு வளையமாகப் பூசினார்கள். ஊதா என்றால் சாதாரணம், சிவப்பு ட்ரேசர், பச்சை கவசம் துளைப்பது, நீலம் எரிவது, கறுப்பு வெடிப்பது. அமெரிக்கர்கள் முனையில் பூசினார்கள். கறுப்பு கவசத்துக்கு, நீலம் எரிவதற்கு, வெள்ளி கவசமும் தீயும் சேர்ந்ததற்கு, சிவப்போ ஆரஞ்சோ ட்ரேசருக்கு.

ட்ரேசர் என்பது பின்பக்கத்தில் எரிந்துகொண்டே பறக்கும் குண்டு. குண்டு எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். இயந்திரத் துப்பாக்கி மாலையில் வழக்கமாக நாலு சாதாரணத்துக்கு ஒரு ட்ரேசர் கோத்திருப்பார்கள். சிவப்பாக எரிய ஸ்ட்ரான்ஷியம், பச்சையாக எரிய பேரியம். காலங்காலமாகத் தீபாவளி மத்தாப்பில் போட்டுவந்த அதே சரக்கு! ஒரே தொல்லை, நீ எங்கே சுடுகிறாய் என்பது உனக்குத் தெரிவது போல, நீ எங்கே இருக்கிறாய் என்பது எதிரிக்கும் தெரிந்துவிடும்.

இந்த வர்ணங்களுக்கு உலகப் பொது அகராதி கிடையாது. பச்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிரிட்டிஷ் தோட்டாவில் பச்சை வளையம் என்றால் கவசம் துளைப்பது. சோவியத் தோட்டாவில் பச்சை முனை என்றால் ட்ரேசர். நேட்டோவின் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவில் பச்சை முனை என்றால் மூக்குக்குள் ஒரு எஃகுத் துண்டு, அதற்குப் பின்னால் ஈயம். ஒரு நாட்டுப் பழக்கத்தில் இன்னொரு நாட்டுப் பெட்டியைப் படித்தால் ஆபத்துதான்.

அந்த நேட்டோ பச்சைக்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. 1980ல் நேட்டோ தேர்ந்தெடுத்த பெல்ஜியம் நாட்டுக் குண்டைத்தான் அமெரிக்கா எம்855 என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. பழைய குண்டை விட நீளம். பழைய எம்16 துப்பாக்கிக் குழலில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான் முறுக்கு. புதுக் குண்டு நேராகப் பறக்க அது போதாது. புதிய துப்பாக்கியில் 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று ஆக்கினார்கள். புதுத் தோட்டாவைப் பழைய துப்பாக்கியில் போட்டால் உள்ளே போகும், வெடிக்கும், ஆனால் குண்டு தாறுமாறாகப் போகும். பச்சை முனையைப் பார்த்தால் சிப்பாய்க்கு அது புதுசு என்று புரிந்துவிடும்.

அதே பச்சை அமெரிக்காவில் அரசியலும் ஆனது. போலீஸ்காரர்களின் கவச உடையைக் காக்க, கைத்துப்பாக்கியில் போடக்கூடிய கவசம் துளைக்கும் குண்டுகளை அங்கே 1986ல் சட்டம் கட்டுப்படுத்தியது. எம்855க்கு மட்டும் விளையாட்டுத் துப்பாக்கிச் சுடுதல் என்று சொல்லி விலக்கு கொடுத்தார்கள். அதைச் சுடும் கைத்துப்பாக்கிகள் சந்தைக்கு வந்துவிட்டன என்று 2015 பிப்ரவரியில் அந்த விலக்கை நீக்க அரசுத் துறை யோசனை சொன்னது. 80,000க்கு மேல் கருத்துக் கடிதங்கள் குவிந்தன. மார்ச்சிலேயே யோசனையைக் கைவிட்டார்கள்.

இதில் வேடிக்கை, அமெரிக்க ராணுவம் 2010லேயே அடுத்த குண்டுக்குப் போய்விட்டது. எம்855ஏ1. ஈயம் மண்ணைக் கெடுக்கிறது என்று அதை எடுத்துவிட்டுச் செம்பு வைத்தார்கள். சுற்றுச்சூழலுக்கு உகந்த "பசுமைத் தோட்டா" என்று பெருமையாகச் சொன்னார்கள். அதன் முனையில் பச்சை கிடையாது. எஃகு மூக்கு வெண்கல நிறத்தில் அப்படியே வெளியே தெரியும்.