லாகோர் மருத்துவமனையும் டாக்டர் மேத்யூவும்: எபோலா, 2000

தொற்றுநோய் நேரத்தில் மருத்துவமனை ஊழியர்களுக்கு நிர்வாகம் எப்படித் துணை நிற்கணும்? கொஞ்ச நாளாக இதைப் பத்திப் படிச்சுக்கிட்டு இருக்கேன். வழிகாட்டிக் கையேடுகள் நிறைய இருக்கு. ஆனால் அவற்றைவிட எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்தது உகாண்டாவின் வடக்கே, குலு நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் லாகோர் மருத்துவமனையின் கதைதான். நடந்தது 2000ஆம் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில்.

லாகோர் 1959இல் தொடங்கிய கத்தோலிக்க மிஷன் மருத்துவமனை. பியரோ கோர்த்தி, லுசில் டீஸ்டேல் என்ற மருத்துவத் தம்பதி 1961 முதல் அதை வளர்த்தெடுத்தார்கள். போரில் காயம்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்யும்போது லுசிலுக்கு எச்.ஐ.வி. தொற்றியது, 1996இல் இறந்துபோனார். அவர்களுக்கு அடுத்து மருத்துவமனைப் பொறுப்புக்கு வந்தவர் அந்த வட்டாரத்துக்காரரான டாக்டர் மேத்யூ லுக்வியா. 1989இல் கிளர்ச்சிப் படையினர் மருத்துவமனைக்குள் புகுந்து கன்னியாஸ்திரிகளைக் கடத்தப் பார்த்தபோது, "அவங்களை விடுங்க, நான் வர்றேன்" என்று தானே போனவர். ஒரு வாரம் கழித்துத்தான் விட்டார்கள்.

2000 அக்டோபரில் மேத்யூ தலைநகர் கம்பாலாவில் மேற்படிப்பில் இருந்தார். லாகோரில் செவிலியர் பயிற்சி மாணவர்கள் காரணம் தெரியாமல் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தகவல் வந்ததும் கிளம்பி வந்தார். இறந்தவர்களின் சிகிச்சைக் குறிப்புகளை ராத்திரி உட்கார்ந்து படித்தார். காய்ச்சல், ரத்தக் கசிவு, நோயாளியைத் தொட்டுப் பராமரித்தவர்களுக்கும் அதே நோய். எபோலா மாதிரி ஒன்று என்று சந்தேகம் வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமும் 1998இல் ஆப்பிரிக்க மருத்துவமனைகளுக்காகவே வெளியிட்ட ஒரு கையேடு கையில் இருந்தது. பரிசோதனை முடிவு அக்டோபர் நடுவில்தான் வந்தது. அதற்குக் காத்திருக்காமல் தனி வார்டு ஒன்றைத் தயார் செய்துவிட்டார்.

அந்த வார்டில் வேலை செய்ய யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. விருப்பம் இருப்பவர்கள் வாங்க என்றுதான் கேட்டார். தானும் தினமும் உள்ளே போனார்.

ஆனால் தனி வார்டு வந்ததோடு ஆபத்து தீரவில்லை. குலுவில் தொற்று கண்ட மருத்துவப் பணியாளர்கள் 22 பேரில் 14 பேருக்கு, தனி வார்டுகள் அமைத்த பிறகுதான் தொற்றியது. நவம்பர் கடைசியில் லாகோரில் ஒரே நாளில் மூன்று ஊழியர்கள் இறந்தபோது மற்றவர்களின் பொறுமை உடைந்தது. நூற்றுக்கணக்கான பேர் செவிலியர் பள்ளி மண்டபத்தில் கூடி, மருத்துவமனையை மூடுங்கள் என்று குரல் எழுப்பினார்கள்.

மேத்யூ அவர்களைக் கோழைகள் என்று சொல்லவில்லை. பேசவிட்டுக் கேட்டார். போக நினைப்பவர்கள் போகலாம், நான் இருப்பேன் என்றார். அதோடு, மருத்துவமனையை மூடினால் நான் குலுவை விட்டே போய்விடுவேன் என்றும் சொன்னார். மணிக்கணக்கில் நடந்த அந்தக் கூட்டத்துக்குப் பிறகும் மருத்துவமனை மூடப்படவில்லை.

சில நாட்களில் அவருக்கே காய்ச்சல் கண்டது. அதற்கு முந்தைய வாரம், எபோலா வந்து படுத்திருந்த ஒரு ஆண் செவிலியர் ராத்திரி ரத்தக் கசிவோடு தடுமாறியபோது, எழுப்பிவிடப்பட்ட மேத்யூ அவசரமாக உள்ளே போயிருந்தார். கையுறை, கவுன், முகக்கவசம் எல்லாம் போட்டிருந்தார். கண்ணை மறைக்கும் கவசம் மட்டும் இல்லை. அப்போதுதான் தொற்றியிருக்கும் என்று உடன் வேலை செய்தவர்கள் நினைத்தார்கள். டிசம்பர் 5 அன்று இறந்துபோனார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கே தியாகம் என்ற சொல்லைப் போட்டு முடித்துவிடுவார்கள். தியாகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் ஒரு கேள்வியை மூடிவிடுகிறது. பகல் முழுக்க வார்டில் இருந்தவரையே ராத்திரியும் எழுப்ப வேண்டி வந்தது ஏன்? அவர் உள்ளே போகும் முன் தலை முதல் கால் வரை பார்த்து, "டாக்டர், கண் கவசம் எங்கே?" என்று கேட்க ஒரு ஆள் ஏன் இல்லை?

ஊழியர்களுக்கு மேத்யூ கொடுத்தது அபூர்வமானது: ஆபத்தைப் பற்றிய உண்மை, விலகிக்கொள்ளும் உரிமை, பயத்தைக் காதுகொடுத்துக் கேட்பது, தானும் கூடவே நிற்பது. கொடுக்க முடியாமல் போனது ஓய்வும் மாற்று ஆளும். அது அவர் தப்பு இல்லை. போர் நடக்கும் ஊரில் அத்தனை கைகளுக்கு எங்கே போவது? எபோலா வார்டுகளில் வேலை செய்த செவிலியர்களிடம் பின்னாளில் பேசிய ஹியூலெட் தம்பதியின் மானுடவியல் ஆய்விலும் இதே மாதிரிக் குறைகள்தான் வருகின்றன. பாதுகாப்புப் பொருள் போதவில்லை, சொந்த வீட்டாரும் அக்கம்பக்கத்தாருமே ஒதுக்கினார்கள் என்று.

2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, தனியாக உள்ளே போகக்கூடாது, ஜோடியாகத்தான் போகணும், உடை போடுவதையும் கழற்றுவதையும் இன்னொருவர் கவனிக்கணும் என்பதெல்லாம் கண்டிப்பான நடைமுறையாக இருந்தது. கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். களைத்துப்போன ஆளின் மறதியை ஈடுகட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நல்ல நிர்வாகி என்றால் முன்னால் நிற்பவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன்: தன்னையும் சேர்த்து, யாரும் வீரராக வேண்டிய நிலை வராதபடி ஷிப்ட் போடுபவர்.

குலுவிலும் மற்ற மாவட்டங்களிலுமாக 425 பேருக்கு நோய் கண்டு, 224 பேர் இறந்தார்கள். 2001 பிப்ரவரியில் உகாண்டா எபோலாவிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. மேத்யூவை மருத்துவமனை வளாகத்திலேயே, லுசிலின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். இரண்டு பேருமே நோயாளியைத் தொட்டதால் வந்த தொற்றில் போனவர்கள்.