மெதுவான வியூவும் தவறான வியூவும்: மாறுபட்ட தரவுத்தளங்களை இணைக்கும்போது எழும் பிழைகள் குறித்து

வெவ்வேறு நிறுவனங்களின் தரவுத்தளங்களை இணைத்து, அவற்றின் மேல் ஒரு வியூவை எழுதிவைத்தால் மூன்று விதமான தொல்லைகள் வரலாம். பிழைச் செய்தியோடு நின்றுபோவது ஒன்று. விடை வர நெடுநேரம் ஆவது இன்னொன்று. உடனே வந்த விடை தவறாக இருப்பது மூன்றாவது. முதலாவதற்கு டிரைவரையும், இரண்டாவதற்கு நெட்வொர்க்கையும், மூன்றாவதற்குத் தரவை உள்ளிட்டவரையும் குறை சொல்வது நம் வழக்கம். பின்னிரண்டும் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. ஒன்றைத் தீர்க்கும் அவசரத்தில் மற்றதை நாமே வரவழைத்துக்கொள்கிறோம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தரவுத்தளங்களை இப்படி இணைக்கும் வசதிகள் நேற்று வந்தவையல்ல. 1998இல் வெளியான எஸ்க்யூஎல் சர்வர் 7.0 பதிப்பிலேயே லிங்க்ட் சர்வர் இருந்தது. ஆரக்கிளில் டேட்டாபேஸ் லிங்க்கும், பிறர் தளங்களை எட்டுவதற்கான கேட்வேயும் உண்டு. போஸ்ட்கிரெஸ் 2011இல் 9.1 பதிப்பில் ஃபாரின் டேபிள்களைப் படிக்கவும், 2013இல் 9.3 பதிப்பில் அவற்றில் எழுதவும் வழி செய்தது. உள்ளமைப்பு எப்படியிருந்தாலும் செய்யும் வேலை ஒன்றே: உள்ளூர் ஆப்டிமைசர் வினவலைப் பிரித்து, எந்த நிபந்தனையைத் தொலைவுத் தளத்துக்கு அனுப்பலாம், எதைப் பதிவுகள் வந்துசேர்ந்த பின் இங்கேயே சோதிக்க வேண்டும் என்று முடிவெடுக்கிறது. இந்த முடிவில்தான் பல சிக்கல்கள் பிறக்கின்றன.

எஸ்க்யூஎல் சர்வரில் இருந்துகொண்டு ஆரக்கிள் அட்டவணையைப் படிக்கும் ஒரு வியூவை எடுத்துக்கொள்வோம். பெயரைக் கொண்டு ஒரே ஒரு வாடிக்கையாளரைத் தேடினாலும் முழு அட்டவணையும் நெட்வொர்க் வழியே வந்து இறங்குகிறது. லிங்க்ட் சர்வர் அமைப்பில் ‘கொலேஷன் கம்பாட்டிபிள்’ என்றொரு விருப்பம் இருக்கிறது. அது இயக்கப்படாத வரை, எழுத்துப் புலங்களின் ஒப்பீடு எதையும் எஸ்க்யூஎல் சர்வர் வெளியே அனுப்பாது. எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்துதான் ஒப்பிடும். காரணமில்லாமல் இப்படி வைக்கவில்லை. ஆங்கிலப் பெயர்களின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை எஸ்க்யூஎல் சர்வரின் வழக்கமான நிறுவல்கள் பொருட்படுத்துவதில்லை. ஆரக்கிளின் இயல்பான பைனரி ஒப்பீடு பொருட்படுத்துகிறது. ‘சமம்’ என்ற குறிக்கு அங்கும் இங்கும் ஒரே பொருள்தானா என்று ஆப்டிமைசருக்கு உறுதியில்லை. நாம் அனுபவிக்கும் மந்தம் அந்த ஐயத்தின் விலை.

விருப்பத்தை இயக்கிவிட்டால் வியூ சிட்டாய்ப் பறக்கும். கூடவே, நேற்றுவரை வந்த சில பதிவுகள் இன்று வராமல் போகும். வேகம் கூடிய மகிழ்ச்சியில் எண்ணிக்கை குறைந்ததை யார் பார்க்கிறார்கள்?

எஸ்க்யூஎல் சர்வரின் ஓப்பன்க்வெரி இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு. அதன் மேற்கோள்குறிகளுக்குள் எழுதிய வினவல் முழுவதும் தொலைவுத் தளத்தின் இலக்கணப்படியே இயங்கும். மந்தமான வியூவுக்கு எல்லோரும் சொல்லும் கைவைத்தியம், வெளியே இருக்கும் நிபந்தனையை அதற்குள் தள்ளுவது. நிபந்தனை ‘இப்புலம் வெற்றுச் சரத்துக்குச் சமமாக இருக்கக்கூடாது’ என்பதாக இருந்தால் என்ன ஆகும்? வெளியே இருந்தவரை, ஏதாவது மதிப்புள்ள பதிவுகள் எல்லாம் கிடைத்தன. ஆரக்கிளோ வெற்றுச் சரத்தை நல், அதாவது மதிப்பின்மை, என்றே கொள்ளும். நல்லோடு செய்யும் ஒப்பீடு மெய்யுமாகாது, பொய்யுமாகாது. எனவே உள்ளே தள்ளியதும் ஒரு பதிவுகூட வராது. நிபந்தனையின் சொற்கள் மாறவில்லை, இடம் மட்டுமே மாறியது. இங்கே விடை சுத்தமாக வெறுமையாகிவிடுவதால் பிழை கண்ணில் படும். இதே நிபந்தனை ‘அல்லது’ போட்டு வேறொன்றோடு சேர்ந்திருந்தால் விடை குறையும், வெறுமையாகாது. அப்போது யாருக்கும் தெரியப்போவதில்லை.

போஸ்ட்கிரெஸிலிருந்து ஆரக்கிளை எட்ட உதவும் ஆரக்கிள் எஃப்டிடபிள்யூ, எழுத்துப் புலங்களின் வரிசைப்படுத்தலை ஆரக்கிளுக்கு அனுப்ப மறுக்கிறது. இரு தளங்களின் அகரவரிசையும் ஒத்துப்போகும் என்று உறுதிகூற முடியாது என்று அதன் ஆவணமே காரணம் சொல்கிறது. இதைக் குறையென்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. என் கணிப்பில் இது அம்மென்பொருளின் மிக நேர்மையான பகுதி.

எல்லா மந்தமும் இத்தகைய ஐயத்தால் வருவதில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சில நேரம் ஆப்டிமைசரின் அறியாமையும் காரணமாகும். எஸ்க்யூஎல் சர்வர் 2012இன் முதல் சர்வீஸ் பேக் வரும்வரை, தொலைவு அட்டவணையின் புள்ளிவிவரங்களைப் பார்க்க, படிக்கும் உரிமை மட்டும் போதவில்லை. அட்டவணையின் உரிமையாளராகவோ உயர்நிலை அதிகாரம் பெற்றவராகவோ இருக்க வேண்டியிருந்தது. பாதுகாப்புக் கருதிக் குறைந்த உரிமை தரப்பட்ட கணக்கில் அதே வியூ மந்தமாக ஓடியதற்கும், நிர்வாகியின் கணக்கில் விரைந்ததற்கும் இது ஒரு காரணம். இவ்வகை மந்தத்தை உரிமை கொடுத்தே தீர்க்கலாம், விடை மாறாது.

பிழைச் செய்திகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவை குறைந்தபட்சம் வாய் திறக்கின்றன. ஆரக்கிளில் ஓஆர்ஏ-28500 வந்தால் பேசுவது மறுபக்கத்துத் தளம். எஸ்க்யூஎல் சர்வரின் 7356, ஒரு புலத்தைப் பற்றி முதலில் தரப்பட்ட விவரமும் இயங்கும்போது வந்த விவரமும் பொருந்தவில்லை என்கிறது. இலக்க அளவு குறிக்காத ஆரக்கிள் நம்பர் புலம் இதற்கு வழக்கமான காரணங்களில் ஒன்று. அதே புலம் ஓப்பன்க்வெரி வழியே 384 எழுத்து நீளமுள்ள சரமாக வந்துசேர்வதும் உண்டு. அப்போது பிழைச் செய்தி எதுவும் வராது. பெரிய மதிப்பைக் கேட்டால் 100ஐ விட்டுவிட்டு 99 வரும்.

தமிழ்ப் பெயர்களைச் சேமிக்கும் தளங்களில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. ‘சுப்பிரமணியன்’ என்பது யூனிக்கோடில் 13 குறியீடுகள், யூடிஎஃப்-8இல் 39 பைட்டுகள். எஸ்க்யூஎல் சர்வரின் 30 நீளமுள்ள என்வார்கேர் புலத்தில் அடங்கும் இப்பெயரை, நீளத்தைப் பைட்டில் எண்ணும் ஆரக்கிளின் 30 நீளமுள்ள வார்கேர்2 புலம் ஏற்காது. அது பிழையாகவே வெளிப்படும், பரவாயில்லை. ‘கொ’ என்ற எழுத்து அப்படிப்பட்டதல்ல. அதன் உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். போஸ்ட்கிரெஸின் இயல்பான ஒப்பீட்டிலும் ஆரக்கிளின் பைனரி ஒப்பீட்டிலும் அவை வெவ்வேறு சரங்கள். இரு தளங்களிலும் தட்டச்சு முறைகள் வேறாக இருந்தால், பெயரைக் கொண்டு அவற்றைச் சேர்க்கும் வியூவில் ‘கொற்றவை’ சத்தமில்லாமல் காணாமல் போவாள். போஸ்ட்கிரெஸ் 13இல் இதைச் சீராக்கத் தனிச் செயற்கூறு வந்திருக்கிறது. அதைப் போஸ்ட்கிரெஸ் பக்கத்தில் மட்டும் பயன்படுத்தினால் போதாது. ஆரக்கிளிலும் அதற்கு நிகரானதைச் செய்தாக வேண்டும்.

ஆகவே துப்பறிதல் தொடங்க வேண்டிய இடம் வியூவின் வரையறையல்ல, தொலைவுத் தளத்துக்கு உண்மையில் போய்ச்சேர்ந்த வினவல். போஸ்ட்கிரெஸில் விரிவான எக்ஸ்பிளெய்ன் அதைக் காட்டும். எஸ்க்யூஎல் சர்வரின் இயக்கத் திட்டத்தில் ‘ரிமோட் க்வெரி’ கட்டத்திலும், ஆரக்கிளின் திட்ட அறிக்கையில் அதற்கெனத் தனிப் பகுதியிலும் காணலாம். நம் நிபந்தனை அதில் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. இல்லையென்றால், ஆப்டிமைசர் எந்த வேறுபாட்டை நினைத்துத் தயங்கியது என்று கேட்க வேண்டும். அந்தத் தயக்கம் நியாயமானதென்றால் விருப்பங்களைத் திருகுவதில் பயனில்லை. தொலைவுத் தளத்திலேயே ஒரு சிறு வியூ எழுதி, எண்ணின் அளவு, எழுத்தின் வகை, நல்லின் நிலை ஆகியவற்றை அங்கேயே வெளிப்படையாக அறுதியிட்டு, அதன் மேல் இங்குள்ள வியூவை எழுப்புவதே முறை.

இந்த வம்பே வேண்டாம், இரவோடிரவாகத் தரவை ஒரே கிடங்குக்கு நகலெடுத்துவிடலாம் என்பது பலமான எதிர்வாதம். அன்றைய நிலவரம் அன்றே தேவைப்படாத அறிக்கைகளுக்கு நானும் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் வெற்றுச் சரமும், அளவில்லா எண்ணும், இருவகைக் ‘கொ’வும் நகலோடு சேர்ந்தே வரும், அவற்றை எதிர்கொள்ளும் நேரம் மட்டுமே மாறும். நேரடி வியூதான் வேண்டுமென்பவர்கள், விருப்பத்தை இயக்குவதற்கு முன்னும் பின்னும் அதே வினவலை ஓட்டி, பதிவுகளின் எண்ணிக்கையையும் முதன்மைத் திறவுகளையும் ஒப்பிடும் ஒரு சோதனையை எழுதிவைக்க வேண்டும். அந்தச் சோதனை எழுதப்படாத வரை, ‘கொலேஷன் கம்பாட்டிபிள்’ விருப்பத்தை இயக்க எந்த நிர்வாகியும் ஒப்புதல் தரக்கூடாது.