கேட்டது ஒன்று, செத்தது இன்னொன்று: லினக்ஸ் நினைவகத்தின் சின்ன வரலாறு

பெரிய மென்பொருள் ஒன்றை மூலநிரலிலிருந்து லினக்ஸில் பில்ட் பண்ணிப் பார்த்தவர்களுக்கு இது பழக்கமானதுதான். இயந்திரம் இரைந்துகொண்டு ஓடும். தொகுப்பான் பாதியில் நிற்கும். திரையில் 'கில்ட்' என்ற ஒரு சொல் கிடக்கும். பழைய ஜிசிசி தொகுப்பான்கள் இதைத் தங்களுடைய உள்வழு என்று அறிவித்து, வழு அறிக்கை அனுப்பும்படியும் கேட்கும். தொகுப்பானில் ஒரு பிழையும் இருக்காது. நினைவகம் முடிந்துவிட்டது என்று முடிவெடுத்து கேர்னல்தான் அதைக் கொன்றிருக்கும். 9ஆம் இலக்கச் சமிக்ஞை வந்தால் ஒரு செயல்முறைக்குக் கடைசி வார்த்தை சொல்லவும் நேரமில்லை.

இந்த அதிகாரம் கேர்னலுக்கு எப்படி வந்தது? யாரைக் கொல்லுறது எண்டு அது எப்படித் தீர்மானிக்குது? அந்தத் தீர்மானம் ஏன் திரும்பத் திரும்பப் பிழைச்சுப்போகுது?

தொடக்கம் ஒரு வாக்குறுதி. யுனிக்ஸ் மரபில் புதிய செயல்முறை பிறப்பது 'ஃபோர்க்' மூலம்: ஏற்கெனவே ஓடும் ஒன்று தன்னைப்போல இன்னொன்றை உண்டாக்கும். முழுவதையும் அப்படியே பிரதி எடுத்தால் நினைவகம் கட்டாது. அதனால் இரண்டும் ஒரே பக்கங்களைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்று எழுதப் போகும்போதுதான் அந்தப் பக்கம் தனியாகப் பிரதியாகும். நிரல்களும் தேவைக்கு மேலே கேட்டு வைக்கும் பழக்கமுள்ளவை. ஆகவே லினக்ஸ் கையில் இருப்பதைவிடக் கூடுதலாக வாக்குக் கொடுக்கும். பெரும்பாலான நாட்களில் இது நன்றாகவே நடக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து கேட்கும் நாளில்தான் ஆள் பார்த்துக் கொல்ல வேண்டியிருக்கு.

அந்தக் கொலையாளியை எழுதியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ரிக் வான் ரீல். அவருடைய கோப்பில் 1998, 2000 என்ற ஆண்டுகள் பதிந்திருக்கின்றன. அதிலுள்ள குறிப்புகள் ஒரு சட்டப் புத்தகத்தின் முன்னுரை மாதிரி: இழக்கும் வேலை குறைவாக இருக்க வேண்டும், மீளும் நினைவகம் கூடுதலாக இருக்க வேண்டும், அப்பாவியைக் கொல்லக்கூடாது, ஒன்றோடு நிறுத்தப் பார்க்க வேண்டும், பயனர் எதிர்பார்ப்பதையே கொல்ல வேண்டும். ஒவ்வொரு செயல்முறைக்கும் ஒரு 'கெட்டதனப்' புள்ளி உண்டு. அது நினைவகப் பருமனில் தொடங்கும். செலவழித்த சீபியூ நேரத்தின் வர்க்கமூலத்தாலும், ஓடிய காலத்தின் நான்காம் மூலத்தாலும் வகுபடும். நிர்வாகியின் செயல்முறை என்றால் கால்வாசியாகும். அதாவது கனகாலம் இருந்தவருக்கும் அதிகாரம் உள்ளவருக்கும் சலுகை. தொகுப்பான்களோ இப்ப பிறந்து இப்ப முடிகிறவை, ஆனால் நினைவகத்தை நிறையத் தின்கிறவை. சட்டம் எழுதப்பட்ட விதத்திலேயே அவை சந்தேகநபர்கள்.

2004இல் ஒருவர், திரைப்பூட்டு நிரல் கொல்லப்பட்டுத் தன் கணினி திறந்தபடி கிடந்ததைச் சொல்லி, குறிப்பிட்ட நிரல்களுக்கு மன்னிப்பு வழங்கும் திருத்தம் ஒன்றை முன்வைத்தார். அதற்கு அன்ட்ரீஸ் ப்ரௌவர் ஒரு விமானக் கதையால் பதில் சொன்னார். எரிபொருளைக் குறைத்துப் பறந்தால் லாபம் என்று கண்ட நிறுவனம் ஒன்று, எரிபொருள் தீரும் வேளையில் பயணி ஒருவரை வெளியே எறியும் பொறிமுறையை உருவாக்குகிறது. பிறகு எடை கூடியவரை எறிவதா, வயது கூடியவரை எறிவதா, காசு கட்டினால் விடுவதா என்று பொறியியலாளர்கள் மூளையைக் கசக்குகிறார்கள். கேள்வியே பிழை எண்டதுதான் அந்தக் கதை சொன்னது.

2010இல் வந்த 2.6.36 பதிப்பில் டேவிட் ரியென்ட்ஜெஸ் கணக்கைத் திருத்தி எழுதினார். வயதுச் சலுகை போனது. நினைவகத்தில் எத்தனை பங்கைப் பிடித்திருக்கிறது என்பதே முக்கியம். பயனர் -1000 முதல் 1000 வரை புள்ளியைக் கூட்டியோ குறைத்தோ விடலாம்; -1000 என்றால் முழு விலக்கு. இது எளிமையானது, நேர்மையானதும்கூட. ஆனால் 16 தொகுப்பான்கள் ஒன்றாக ஓடும்போது ஒவ்வொன்றும் தனித்தனியே சிறியது. பக்கத்தில் சும்மா இருக்கும் பிரவுசர் அவற்றைவிடப் பெரிதாய்த் தெரியலாம். கூட்டாகத் தின்றதற்குத் தனி ஆளுக்குத் தண்டனை.

2016 யூலையில் 4.7 வெளியானது. 'இனி வழியில்லை' என்று தீர்மானிக்கும் பகுதி அதில் மாற்றப்பட்டிருந்தது. சில வாரங்களில் முறைப்பாடுகள் வந்தன: நினைவகம் இருக்கும்போதே செயல்முறைகள் சாகின்றன. இடம் இருந்தது, ஆனால் துண்டு துண்டாகக் கிடந்தது. 64 பிட் எக்ஸ்86 இயந்திரங்களில் ஒவ்வொரு புதிய செயல்முறைக்கும் கேர்னல் தன் பாவனைக்காக 16 கிலோபைட் ஒதுக்கும். அதாவது 4 கிலோபைட் பக்கங்கள் நான்கு, அடுத்தடுத்து. பஸ்ஸில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சீற் காலியாக இருந்தும், நாலு பேர் கொண்ட குடும்பம் சேர்ந்து இருக்க இடமில்லாத மாதிரி. பெரிய பில்ட் எண்டாலே ஓயாமல் ஃபோர்க் பண்ணுறதுதான், அதால அடி அங்கே கூட விழுந்தது. பக்கங்களை ஒதுக்கி இடம் பண்ணும் முயற்சியைக் கேர்னல் முன்னதாகவே கைவிட்டுவிட்டுக் கொலைக்குப் போனது. திருத்தங்கள் பிறகு வந்தன. அதே ஆண்டு டிசெம்பரில் வந்த 4.9, அந்த நான்கு பக்கங்களும் அடுத்தடுத்து இருக்கத் தேவையில்லாத வழியையும் தந்தது.

அடுத்த மாற்றம் கேள்வியிலேயே வந்தது. பேஸ்புக்கில் வேலைசெய்த யொஹானஸ் வைனர், செயல்முறைகள் நினைவகத்துக்காக எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கின்றன என்று அளக்கும் முறையை உருவாக்கினார். 2018 இறுதியில் 4.20 பதிப்போடு அது வந்தது. அந்த அளவை வைத்து, கேர்னலுக்கு முன்னரே கொல்லும் சிஸ்டம்டி-ஊம்டி பிறந்தது. பெடோரா 2021இலும் உபுண்டு 2022இலும் அதை இயல்பாகவே இயக்கிவிட்டன. அது ஒரு செயல்முறையோடு நிற்காது, அது இருக்கும் குழுவையே கொல்லும். உபுண்டு 22.04 வந்ததும், பிரவுசர்கள் கண்முன்னே மறைவதாக முறைப்பாடு எழுந்தது. சின்ன சுவாப் இடம் ஒன்று நிரம்பியதே குற்றத்துக்குப் போதிய சாட்சியாகிவிட்டது.

ஆகவே பில்ட் செத்துப்போனால் உடனே புது நினைவகம் வாங்க ஓடத் தேவையில்லை. முதலில் ஆவணத்தை வாசியுங்கோ. லொக்கில் இருப்பது கேர்னலின் குறிப்பா, ஊம்டியின் குறிப்பா? கேர்னல் எண்டால் 'ஓர்டர்' எண்ட எண்ணைப் பாருங்கோ: 0 எண்டால் ஒற்றைப் பக்கமே கிடைக்கவில்லை, 2 எண்டால் அடுத்தடுத்து நாலு கிடைக்கவில்லை. முழு இயந்திரமும் தட்டுப்பாட்டில் இருந்ததா, ஒரு கொன்டெய்னருக்குப் போட்ட எல்லை மட்டும் தாண்டப்பட்டதா எண்டதும் அங்கேயே தெரியும். உண்மையான தட்டுப்பாடு என்றால் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளைக் குறைக்கலாம். எல்எல்விஎம் திட்டத்தில், நினைவகத்தை அதிகம் தின்னும் இணைப்புக் கட்டத்துக்கு மட்டும் தனி எல்லை போட வசதி இருக்கு.

கேர்னல் குறிப்பின் முதல் வரியில் ஒரு பெயர் இருக்கும்: கடைசியாக நினைவகம் கேட்டது. முடிவில் இன்னொரு பெயர்: செத்தது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இரண்டுமே காரணமாக இல்லாமலும் இருக்கலாம். நடுவில் அந்நேரம் ஓடிய செயல்முறைகளின் நீண்ட பட்டியல் கிடக்கும். எந்த வரலாற்றிலும் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் வாசித்துத் தீர்ப்புச் சொன்னால் பிழைச்சுப்போகும். நடுவில இருக்கிற பட்டியலைத்தான் நாங்கள் நேரமெடுத்து வாசிக்கோணும்.