அரசாங்கத் தகவலா, அரசியல் விளம்பரமா? பிரித்தறியச் சில வழிகள்

பெர்மாஸ் ஜெயா போன்ற குடியிருப்புகளுக்கு உதவித்தொகை அறிவிப்புகள் இப்போது வாட்சாப் வழியாகவே அதிகம் வருகின்றன. அதில் தகவலை விடத் தலைவரின் படமே பெரிதாக இருந்தால் என்ன செய்வது?

ஓர் உதாரணம்

2012-இல் தொடங்கிய 'பிரிம்' உதவித்தொகையை நம்மில் பலர் பெற்றிருக்கிறோம். அதன் முழுப்பெயரிலேயே அன்றைய பிரதமர் நஜிப்பின் 'ஒரே மலேசியா' முழக்கம் இருந்தது. 2018-இல் ஆட்சி மாறியபின் அது 'பந்துவான் சாரா ஹிடுப்' ஆனது. 2021-இல் 'பிரிஹாத்தின் ராக்யாட்'. 2022-இல் பிரதமர் இஸ்மாயில் சப்ரியின் முழக்கமான 'கெலுவார்கா மலேசியா'. 2023 முதல் 'சும்பாங்கான் துனாய் ரஹ்மா'. பெயர் ஐந்து, பணம் வந்த இடம் ஒன்றுதான், அரசாங்கக் கருவூலம்.

அரசாங்கத்தின் பிரசாரப் பிரிவே சர்ச்சையானதும் உண்டு. 2018-இல் கலைக்கப்பட்ட 'ஜாசா' இலாகாவுக்கு 2021 வரவு செலவுத் திட்டத்தில் 8 கோடியே 55 லட்சம் வெள்ளி ஒதுக்கப்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. பிறகு தொகை குறைக்கப்பட்டது. பெயரும் 'ஜெ-கோம்' என மாறியது.

கவனிக்க வேண்டியவை

* எவ்வளவு, யாருக்கு, எப்போது, எங்கே விண்ணப்பிப்பது? இந்த நான்குக்கும் பதில் இல்லாமல் பாராட்டு மட்டும் இருந்தால் அது விளம்பரம்.

* எதனோடு ஒப்பிடுகிறார்கள்? 2021 இரண்டாம் காலாண்டில் நம் பொருளாதாரம் சுமார் 16 விழுக்காடு வளர்ந்தது. எண் சரிதான். ஆனால் நடமாட்டக் கட்டுப்பாட்டால் முந்தைய ஆண்டு அதே காலாண்டில் சுமார் 17 விழுக்காடு சரிந்திருந்தது.

* யார் பேசவில்லை? பெர்னாமா 1967-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்தது. ஆர்டிஎம் தொடர்புத்துறை அமைச்சின் கீழ் இயங்குகிறது. அவற்றின் செய்தி பொய் என்பதல்ல. எதிர்த்தரப்பின் பதிலை வேறு ஊடகத்திலும் தேடிப் படியுங்கள்.

* அறிவித்தது நடந்ததா? நாடாளுமன்ற ஹன்சார்டும் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மலாய் படிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் சொன்னால் தேடித் தருவார்கள்.

எந்தக் கட்சி ஆண்டாலும் இந்தக் கேள்விகள் பொருந்தும். நமக்குப் பிடித்த கட்சி என்றால் இன்னும் கூடுதலாகக் கேட்க வேண்டும்.

உதவித்தொகை தகுதியுள்ளவரின் உரிமை. படத்தில் இருப்பவருக்கு நன்றிக்கடனாக ஓட்டுப் போட வேண்டியதில்லை. அவரைப் பிடிக்கவில்லை என்று விண்ணப்பிக்காமல் இருப்பதும் நமக்குத்தான் நட்டம்.