பரியங்கமும் பரிசுத்தமும்

தாம்பரத்தில் மின்சார ரயிலேறி நகரம் நோக்கிச் செல்வோர் குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம் ஆகிய நிலையங்களைக் கடந்ததும் பரங்கிமலையைக் காண்பர். சுமார் 300 அடி உயரமேயுள்ள அக்குன்றின்மேல் அப்போஸ்தலனாகிய தோமா இரத்தசாட்சியாக மரித்தார் என்பது நம் நாட்டுத் திருச்சபையின் பழைய மரபு. போர்த்துக்கீசியர் 1547ல் அங்கு மண்ணைத் தோண்டுகையில் பஹ்லவி எழுத்துகள் பொறித்த கற்சிலுவை ஒன்றைக் கண்டெடுத்தனர். இறையியல் மாணவரை அங்கு அழைத்துச் செல்வது நமது வழக்கம். ஆயினும், அப்போஸ்தலன் ஏன் கொல்லப்பட்டார் என்பதற்கு மிகப் பழைய நூல் கூறும் காரணத்தை மாணவருக்குச் சொல்லாமலே பல ஆண்டுகள் கழித்தோம். நமது கூச்சமே அதற்குக் காரணம். மணமான பெண்களைக் கணவரின் படுக்கையினின்று பிரித்தார் என்பதே அந்நூலில் அவர்மேல் சாட்டப்படும் குற்றம்.

அக்கூச்சத்தை விட்டொழிக்க நேர்ந்த கதையை முதலில் கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், தாம்பரத்துக்கு அண்மையில் நாம் ஊழியம் செய்த சபையில், மாலை ஆராதனை முடிந்தபின் ஓர் அம்மையார் ஆயரகத்துக்கு வந்தார். அவருடைய கணவர் பொறுப்பான பதவியில் உள்ளவர், ஜெபவாழ்வில் ஆர்வமிக்கவர். யோக நூல் ஒன்றைக் கற்று, மனைவியோடு கூடியும் கூட்டுறவின் உச்சத்தை எட்டாமல் தம்மை நிறுத்திக்கொள்ளும் பயிற்சியை அவர் மேற்கொண்டிருந்தார். அதனால் தியானம் ஆழப்படுகிறது என்பது அவருடைய நம்பிக்கை. "ஐயா, இது பாவமா? பாவமில்லையென்றால், இதில் என் பேச்சுக்கும் இடம் உண்டா?" என்று அம்மையார் கேட்டார். நாம் முதற்கேள்விக்கு மட்டும், அதுவும் சிந்தியாமல், விடை பகர்ந்தோம். "இது புறச்சமயத்தாரின் பழக்கம், அம்மா. விட்டுவிடச் சொல்லுங்கள்" என்றோம். அவ்விடை வரலாற்றின்படி பிழையானது என்பதை நூல்களைப் புரட்டிய பின்னரே உணர்ந்தோம். இரண்டாம் கேள்வியைக் கேட்டும் கேளாதவராய் இருந்தது அதனினும் பெரிய பிழை.

'தோமாவின் நடபடிகள்' மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எதெஸ்ஸா நகரச் சூழலில், பெரும்பாலும் சீரிய மொழியில், எழுந்த நூல். அதன் கிரேக்க வடிவமும் கிடைத்துள்ளது. திருமறைத் தொகுப்பில் அதற்கு இடமில்லை. அதன் தொடக்கத்தில், இந்தியாவை நோக்கி வரும் வழியில், ஓர் அரசனின் ஒரே மகளுடைய திருமண விருந்தில் அப்போஸ்தலன் கலந்துகொள்ள நேரிடுகிறது. விருந்து முடிந்து மணமகன் பள்ளியறையின் திரையை விலக்குகையில், தோமாவின் சாயலிலே ஆண்டவர் மணமகளோடு உரையாடிக்கொண்டிருக்கக் காண்கிறான். ஆண்டவர் கட்டிலின்மேல் அமர்கிறார். மணமக்களை இருக்கைகளில் அமரச் செய்கிறார். மக்கட்பேற்றினால் வரும் கவலைகளை எடுத்துரைத்து, கூட்டுறவை விலக்கும்படி போதிக்கிறார். மறுநாட்காலையில் அரசன் வந்து பார்க்கையில் இருவரும் எதிரெதிரே அமர்ந்திருக்கின்றனர். மணமகளின் முகத்தில் முக்காடு இல்லை. மணமகனோ மிகுந்த மகிழ்ச்சியோடிருக்கிறான். அரசன் தன் ஆடைகளைக் கிழித்துக்கொள்கிறான்.

நூலின் பிற்பகுதியில், மஸ்தாய் அரசனின் உறவினனான கரீஷ் என்பவனின் மனைவி மிக்தோனியா அப்போஸ்தலனின் போதனையைக் கேட்டுக் கணவனை விலக்குகிறாள். அரசி தெர்த்தியாவும் அவ்வாறே செய்கிறாள். கரீஷ் கொடியவனாகக் காட்டப்படினும், தன் திருமணநாளின் இன்பத்தை நினைத்து அவன் அழும் பகுதியை நூலாசிரியர் நீளவே எழுதியிருக்கிறார். இறுதியில் நான்கு போர்ச்சேவகர் மலையொன்றின்மேல் தோமாவை ஈட்டியால் குத்திக் கொல்கின்றனர். பரங்கிமலை மரபும் இந்நூற்செய்தியும் ஒன்றா என்னும் ஆய்வுக்குள் இங்குப் புகவேண்டியதில்லை. நமக்கு வேண்டுவது, இந்தியத் திருச்சபையின் தொடக்கத்தைப் பற்றிய மிகப் பழைய கதையே இல்லற அடக்கத்தைப் பற்றிய கதை என்பதுதான்.

இந்நூலின் போதனையைத் திருச்சபை ஏற்கவில்லை. விவாகத்தை விலக்குவோரை 1 தீமோத்தேயு 4ஆம் அதிகாரம் கண்டிக்கிறது. நான்காம் நூற்றாண்டில் கங்கரா நகரில் கூடிய சங்கமும் விவாகத்தை இகழ்வோரைச் சபித்தது. எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெண் ஒருத்தி "வேண்டாம்" என்று சொல்லவும், அச்சொல்லில் நிலைநிற்கவும் இடமளித்த நூல் அது. அக்காலத்தில் அத்தகைய நூல்கள் அரியன.

கூட்டுறவை அறவே விலக்குதல் ஒன்று. அருகிருந்தும் அடங்குதல் மற்றொன்று. இவ்விரண்டாவதும் ஆதிச்சபையில் இருந்தது. விரதம் பூண்ட கன்னியர் சிலர் ஆடவரோடு ஒரே படுக்கையில் துயின்றும் தாங்கள் தூய்மையாய் இருப்பதாகக் கூறினர். மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் கார்த்தேஜ் பேராயர் சிப்பிரியான் அதைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். 325ல் கூடிய நிசேயா சங்கத்தின் மூன்றாம் சட்டம், குருமார் உறவினரல்லாத பெண்களைத் தம் இல்லத்தில் வைத்திருப்பதைத் தடை செய்தது. தடை செய்யவேண்டிய அளவுக்கு வழக்கம் பரவியிருந்தது போலும்! எக்திசியா என்னும் பெண்மணிக்கு அகுஸ்தீன் எழுதிய கடிதமும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அவள் கணவனைக் கேளாமல் விரதம் பூண்டாள். பின்னர் அவனும் இசைந்தான். ஆனால் அவள் அவனறியாமல் சொத்தைத் துறவிகளுக்குக் கொடுத்துவிடவே, அவன் சினந்து விபசாரத்தில் வீழ்ந்தான். சம்மதமின்றித் தொடங்கியது முதற்பிழை என்று அகுஸ்தீன் கூறுவது பவுலடியாரின் வழி. கணவனின் வீழ்ச்சிக்கான பழியிலும் ஒரு பங்கை மனைவியின் தலையில் அவர் ஏற்றுவதை நம்மால் ஒப்ப இயலவில்லை.

அம்மையாரின் கணவர் மேற்கொண்ட பழக்கம் அதே வடிவில் நம் திருச்சபை வரலாற்றிலும் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் திருச்சபைச் சட்ட வல்லுநராக விளங்கிய உகுச்சியோ 1190 முதல் 1210ல் இறக்கும்வரை இத்தாலியில் ஃபெராரா நகரின் பேராயராய் இருந்தவர். உச்சநிலையின் இன்பத்தில் சிறிதேனும் பாவம் கலந்தே இருக்கும் என்பது அவருடைய கடுமையான கொள்கை. அப்படியானால், 1 கொரிந்தியர் 7:3 கூறும் கடமையைக் கணவன் மனைவிக்கு எவ்வாறு செலுத்துவான்? மனைவி நிறைவடையும்வரை அவளோடு கூடியிருந்து, தான் உச்சத்தை எட்டாமல் விலகினால் பாவமின்றிக் கடமையை நிறைவேற்றலாம் என்று உகுச்சியோ விடை கண்டார். பின்வந்த வல்லுநர் சிலர் இதை ஏற்றனர், சிலர் மறுத்தனர். நம் காலத்தை ஒட்டி இவ்வழக்கத்தைப் புகழ்ந்து நூல்கள் வெளிவரவே, ரோமாபுரியின் திருவலுவலகம் 1952 ஜூன் 30ல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இப்பழக்கத்தைப் போற்றியும் பரிந்துரைத்தும் எழுதவோ பேசவோ வேண்டாம் என்பது அதன் சாரம். ஆகவே 'புறச்சமயத்தாரின் பழக்கம்' என்று நாம் கூறியது அறியாமையே.

புறச்சமயம் என்று நாம் ஒதுக்கிய திருமூலரிடம் இனி வருவோம். பத்தாம் திருமுறையாகிய திருமந்திரம் ஒன்பது தந்திரங்களை உடையது. யோகத்தைக் கூறும் மூன்றாம் தந்திரத்தில் 'பரியங்க யோகம்' என்னும் தலைப்பில் 20 பாடல்கள் உள்ளன. பரியங்கம் என்றால் கட்டில். தோமாவின் கதையில் ஆண்டவர் கட்டிலில் அமர, மணமக்கள் அதினின்று விலகி அமர்ந்தனர். இங்கோ கட்டிலே யோகபீடமாகிறது. உருகிய வெள்ளி பொன்னின் வழியே ஓடிவிடாதபடி தட்டான் கரியிட்டு மூடி, குழலால் ஊதி நெருப்பைக் காப்பதாக ஓர் உருவகம் வருகிறது. வெள்ளி என்பது விந்து என்றும், குழல் என்பது மூச்சின் வழி என்றும் உரையாசிரியர் விளக்குவர். மூச்சை அடக்கியவனுக்கே விந்து அடங்கும் என்பது கருத்து. இந்த யோகத்துக்குரிய காலம் ஐந்து நாழிகை, அதாவது இரண்டு மணி நேரம். இது எல்லோருக்கும் இயலாது என்று பாடல் எச்சரிக்கிறது. இயன்றவர் யார் எனக் கேட்டு, கங்கையைச் சடையில் தாங்கிய சிவனைச் சுட்டுகிறது.

பிற்காலத்து ஹடயோகப் பிரதீபிகை 'வஜ்ரோலி' முத்திரையை விளக்குமிடத்தில் பெண்ணும் அதைப் பயிலலாம் என்கிறது. திருமூலரோ பெரும்பாலும் ஆடவனை நோக்கியே பேசுகிறார். பெண்ணின் வளையும் சந்தனமும் வருணிக்கப்படுகின்றன. அவள் விரும்பினாளா என்பது கேட்கப்படவில்லை. ஆயினும் ஐந்து நாழிகையைக் கூறும் பாடலில் துணைவி, துணைவன் என்ற சொற்கள் அருகருகே நிற்கின்றன. அச்சொற்களைப் பார்த்துச் சற்று ஆறுதலடைந்தோம்.

இங்கு ஒன்றை இடையே கூறவேண்டும். விந்து கழிந்தால் உயிர் குறையும் என்னும் சித்தர் கொள்கைக்கு இன்றைய மருத்துவத்தில் ஆதாரமில்லை. ரயில் பாதையோரச் சுவர்களில் வாலிபரை அச்சுறுத்தும் விளம்பரங்கள் இக்கொள்கையின் இழிந்த எச்சங்கள். இவ்வச்சத்தினால் வரும் மனத்துன்பத்துக்கு மனநல மருத்துவர் என். என். விக் 1960ல் 'தாது' என்ற நம் நாட்டுச் சொல்லையே பெயராக இட்டார். ஆலோசனைக்கு வரும் வாலிபரிடம் யோகத்தைப் பற்றிப் பேசுமுன் இவ்வச்சத்தைப் போக்குதல் நலம்.

பெரியபுராணத்துத் திருநீலகண்டரின் வரலாறு வேறு வகையானது. தில்லையில் வாழ்ந்த அக்குயவர் பரத்தையிடம் சென்று வந்தபோது, மனைவியார் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டு "எம்மைத் தீண்டாதீர்" என்ற பொருளில் தடுத்தார். அவர் பன்மையில் கூறியதால், எல்லாப் பெண்களையும் மனத்தாலும் தீண்டேன் என்று கணவர் உறுதி பூண்டார். இருவரும் முதுமை எய்தும்வரை ஒரே வீட்டில், அயலார் அறியாமல், அவ்வாறே வாழ்ந்தனர். குளத்தில் கைகோத்து மூழ்கவேண்டி வந்தபோதும் மூங்கிற்கோலொன்றின் இரு முனைகளைப் பற்றியே இறங்கினர். இங்கு விரதத்தைத் தொடங்கியது மனைவியின் சொல். அதுவும் நியாயமான சினத்தினின்று பிறந்த சொல். நம் சபைகளில் இக்கதையைக் கூறினால் பெண்கள் கூர்ந்து கேட்பதைக் கண்டிருக்கிறோம்.

சீர்திருத்தச் சபைகளின் வழிவந்தவரும் இதில் ஈடுபட்டதுண்டு. அமெரிக்காவில் ஆண்டோவரிலும் யேலிலும் இறையியல் கற்ற ஜான் ஹம்ப்ரி நொய்ஸ், மனிதன் இம்மையிலேயே பூரணனாகலாம் என்று போதித்ததால் 1834ல் பிரசங்க உரிமையை இழந்தார். அவருடைய மனைவி ஹாரியட் ஆறு ஆண்டுகளில் ஐந்து முறை பிரசவித்தார். ஒரு குழந்தையே பிழைத்தது. அத்துயரத்தினின்று அவர் கண்டதே 'ஆடவர் அடக்கம்'. அருவியை நோக்கி ஓடும் ஆற்றில் தேர்ந்த படகோட்டி எவ்விடத்தில் திரும்பவேண்டும் என்று அறிவான் என்பது அவருடைய உவமை. மனைவியின் வேதனையில் பிறந்த இந்நெறி, 1848ல் அவர் நிறுவிய ஒனைடா சமூகத்தில் எல்லோரும் எல்லோருக்கும் துணை என்ற கூட்டுமணத்துக்குக் கருவியாயிற்று. யார் யாரோடு சேரலாம் என்பதில் தலைவர்களின் கை ஓங்கியது. 1881ல் அச்சமூகம் கலைந்து வணிக நிறுவனமாயிற்று. சிகாகோ மருத்துவரான ஆலிஸ் ஸ்டாக்ஹம் அம்மையார் 1896ல் 'கரெஸ்ஸா' என்ற நூலில் இந்நெறியைத் தம்பதியருக்கே உரியதாக மீண்டும் எழுதினார். கணவன், மனைவி இருவரும் அடங்கவேண்டும், இருவரும் விரும்பியே அடங்கவேண்டும் என்றார். இவ்வரலாற்றில் பெண் ஒருவர் எழுதுகோல் ஏந்தியவுடனே 'இருவர்' என்ற சொல் முன்வருவது தற்செயலன்று என எண்ணுகிறோம். காந்தியடிகள் 1906ல் பிரமசரிய விரதம் பூண்டபோது, அதுவரை மனைவியோடு அதுபற்றிக் கலந்து பேசியதில்லை என்றும், விரதம் ஏற்கும் வேளையில்தான் கேட்டதாகவும், கஸ்தூரிபாய் மறுக்கவில்லை என்றும் தம் வரலாற்றில் ஒளிவின்றிக் கூறுகிறார். மறுக்கவில்லை என்பதும் விரும்பினார் என்பதும் ஒன்றல்ல.

பவுலடியார் 1 கொரிந்தியர் 7:5ல் தம்பதியர் பிரிந்திருக்க மூன்று வரம்புகளை இடுகிறார். இருவரும் இசையவேண்டும், காலம் குறிக்கவேண்டும், ஜெபத்துக்காக இருக்கவேண்டும். 'தோமாவின் நடபடிகள்' மூன்றாவதைப் பிடித்து, காலவரையை விட்டது. உகுச்சியோ மனைவியின் உரிமையைக் காத்தார். ஆனால் இன்பத்தையே கறையாகக் கண்டார். நொய்ஸ் மூன்றையும் தொலைத்தார். அப்போஸ்தலனின் அளவுகோல் புறச்சமயத்தாரை அளப்பதற்கு முன் நம்மை அளக்கிறது. 1938 டிசம்பரில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் உலக மிஷனெரி மாநாடு கூடி, பிற சமயங்களுக்கும் சுவிசேஷத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி வாதிட்டது. படுக்கையறை அம்மாநாட்டுக்குரிய பொருளன்று. ஆயினும் சபையார் நம்மிடம் அக்கேள்வியைக் கொண்டுவரும் இடம் பெரும்பாலும் அதுவே.

அவ்வம்மையாரிடம் பின்னொருநாள் மன்னிப்புக் கேட்டோம். கணவரையும் வரவழைத்து, அவ்வதிகாரத்தின் 3 முதல் 5 வரையுள்ள வசனங்களை இருவர் முன்னிலையிலும் வாசித்தோம். "அப்படியானால் நான் தொடரலாமா, ஐயா?" என்று அவர் நம்மை நோக்கிக் கேட்டார். "அக்கேள்வியை நம்மிடம் கேளாதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள்" என்றோம். இருவரும் பேசுவதற்காக அறையைவிட்டு வெளியே வந்தோம். அவ்வாண்டுத் தவக்காலம் முடியும்வரை என்று அவர்கள் காலவரை குறித்துக்கொண்டதாகப் பின்னர் அம்மையாரே கூறினார். அதற்குமேல் நாம் விசாரிக்கவில்லை.